ஆண்டுக்கொரு முறை என்னை மன்னித்தவர்

டிசம்பர் கடைசி நாள் சாயங்காலம் வந்தால் இன்றும் நான் நல்ல சட்டையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுகிறேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். என்னை மன்னிப்பதற்கென்றே வருடந்தோறும் அந்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்த பின்வீட்டு அம்மா, குடும்பத்தோடு திருப்பூரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அவருக்குப் பிறகு என்னை யாரும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய காரியம் எதையும் நான் செய்வதில்லை என்பது என் கருத்து. மன்னித்து மாளாது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்பது என் மனைவியின் கருத்து.

நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், அங்கே எவ்வளவு காலம் தூங்கும், யாருடைய கையெழுத்துக்கு முன்னால் யாருடைய கையெழுத்து விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அறிவை ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. குண்டடத்துச் சொந்தக்காரர்கள் நான் வாயைத் திறந்தாலே ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். ஆகவே காங்கேயம் சாலைப் பக்கம் வீடு கட்டி, பின்பக்கம் ஒட்டினாற்போல ஒரு சின்ன வீடும் கட்டி, அதில் குடிவந்தவர்கள் மேல் அந்த அறிவைப் பிரயோகித்தேன். மோட்டார் போடும் நேரம், துணி காயப்போடும் கொடி, கேட்டைச் சாத்தும் முறை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தேன். முந்திய குடித்தனக்காரர் காலி செய்தபோது அதன் கீழே பேனாவால் எழுதிய வாசகத்தை இங்கே சொல்ல முடியாது.

அப்படிக் காலியான வீட்டுக்குத்தான் அந்த அம்மா வந்தார். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கணவரோடும் ஒரே மகனோடும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். கணவர் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் நின்று பேச்சே ஆவியாகிப் போன மாதிரி ஒரு மனிதர். அம்மாவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, தையல் எங்கே விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே ஓட்டை என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மா சாயங்காலம் வீடு திரும்பும்போது முழங்கையிலோ முந்தானையிலோ இரண்டு அம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி அதைப் பிய்த்தெடுத்து எங்கள் கதவு நிலையில் ஒட்டுவாள். நான் சுரண்டுவேன்.

தெருவே என்னை ஆபீஸர் என்று கூப்பிட்டது. அந்த அம்மா மட்டும் முதல் நாளே அண்ணாச்சி என்றார். அவர்கள் ஊரில் அது மரியாதை. எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடை. ஒரு வாழ்நாள் அரசுப் பணி ஒரே வார்த்தையில் துவரம்பருப்பு நிறுக்கும் வேலையாகிவிட்டது.

அவர்கள் சபையில் வருடக் கடைசிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மனத்தாங்கலோடு புது வருடத்துக்குள் நுழையக் கூடாது. யாரோடு வருத்தமோ அவரோடு ஒப்புரவாகிவிட்டுத்தான் முப்பத்தொன்றாம் தேதி ஆராதனைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் இதை ஒரு சிரிப்பிலோ ஒரு துண்டு கேக்கிலோ முடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் முறை வேறு. முதல் வருடம் அன்று சாயங்காலம் தட்டில் முந்திரிக்கொத்தோடு வந்து நின்றார். பெயரை நம்பி முந்திரியைத் தேடிக் கடித்தேன். பாசிப்பயறும் வெல்லமும்தான் இருந்தன.

"அண்ணாச்சி, இந்த வருசம் ஒங்க மேல எனக்கு நாலு வருத்தம். நாலையும் மன்னிச்சிட்டேன்" என்றார்.

"என்ன நாலு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணு, மோட்டார் பொட்டிக்குப் பூட்டு போட்டீயள்லா, அது. ரெண்டு, எங்க அத்தை ஊருல இருந்து வந்திருந்தப்ப, வீட்டுல ஆள் கூடிப்போச்சான்னு வாசல்ல நின்னு எண்ணுனீய. மூணு, எங்க வீட்டுக்காரவிய எதுத்துப் பேசமாட்டாவன்னு தெரிஞ்சு அவியளையே நிறுத்தி வச்சு விதி படிச்சீய."

"நாலாவது?"

"அது மனசுல இருக்கு. ஆனா மன்னிச்சிட்டேன். எடுத்துக்கிடுங்க, இன்னொண்ணு."

குற்றச்சாட்டு வைத்தால் முதலில் விளக்கம் கேட்க வேண்டும், பிறகு விசாரணை, அதற்குப் பிறகுதான் தண்டனையோ மன்னிப்போ, எடுத்த எடுப்பில் மன்னிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். "வெளக்கம் எதுக்கு அண்ணாச்சி, அதான் மன்னிச்சாச்சுல்லா" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரை மன்னிக்கப் போனார். சமையலறையில் என் மனைவி சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

"ஏனுங்க, உங்களையும் மன்னிக்கறதுக்கு உலகத்துல ஒரு ஆள் இருக்குதுங்க. சந்தோசப்படுங்க" என்றாள்.

அந்த நாலாவது வருத்தம் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல வருடம் யோசித்திருக்கிறேன். யோசிக்க யோசிக்கப் பொருத்தமானவை நிறைய அகப்படுகின்றன.

கம்பெனியிலும் இதே கதைதான். குன்னத்தூர்க்காரர் ஒருவர் அங்கே சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நெருக்கடியில் லைன் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா அவர் முன்னால் போய் நின்று, ஓவர்லாக் மிஷின்களின் சத்தத்தையும் மீறி, அந்த வருடம் அவர் பேசிய பேச்சையெல்லாம் வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். மறு வருடத்திலிருந்து அந்த சூப்பர்வைசருக்கு டிசம்பர் கடைசியில் தவறாமல் காய்ச்சல் வந்தது. அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கே போய் மன்னித்துவிட்டு வந்தார்.

இதில் நான் ஒன்றைக் கவனித்தேன். கோப்புகளைப் படித்துப் பழகியவனுக்கு எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் முதலில் கண்ணில் படும். அந்த அம்மா எல்லோரையும் மன்னித்தார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவரால் மற்றவர்களுக்கு வருத்தம் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததில் அம்பு ஒட்டுகிறவருக்கு அது எப்படித் தோன்றும்? இந்தக் குறையை நான் மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்து மனைவியிடம் சொன்னேன். "அப்படிப்பட்டவங்கள நானும் ஒருத்தர பாத்திருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

வருடக் கடைசி நாளில் இந்த மன்னிப்பு ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். எங்கள் படுக்கையறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் என்பதால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது. காது இருந்தது, கேட்டது. முதலில் அம்மா அந்த வருடத்தை நினைத்துப் பார்ப்பார். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம். எங்கள் கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கி ரோஸ் நிறமாக ஊறிய வருடம்கூட, "நம்மட்ட வெள்ளை உடுப்பு கொஞ்சமா இருந்ததுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். அந்தத் தண்ணீருக்கு நான் எந்தெந்த அலுவலகத்துக்கோ மனு எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஸ்தோத்திரம் சொன்னவர் நன்றாகத் தூங்கினார்.

பிறகு ஒவ்வொருவரையும் கேட்பார்.

"இந்த வருசம் கர்த்தர் ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?"

கணவர் ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான் சொல்வார். "சுகமா இருந்தேன்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"சுகமா இருந்தேன்."

"நல்லா சாட்சி சொன்னீய. நீ சொல்லு மக்கா."

மகன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது கிரிக்கெட் மட்டை, மார்க், சைக்கிள் என்று ஏதாவது சொல்வான். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கடைசியாக ஒன்று சொல்வார். "நீ கர்த்தருக்குன்னு குடுத்த பிள்ள. மறந்துராத."

அதன் பொருள் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. மகன் பிறந்த சமயத்தில் அந்த அம்மா நேர்ந்துகொண்டிருந்தார், அவர்கள் பாஷையில் பொருத்தனை. பிள்ளை வளர்ந்ததும் ஊழியத்துக்கு அனுப்புவதாக, அதாவது பைபிள் காலேஜில் படிக்க வைத்துப் பாஸ்டராக்குவதாக. பிள்ளை வளர்ந்தான். சபையில் கீபோர்டு வாசித்தான். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் கற்றுக்கொண்டு நல்ல வேலையிலும் சேர்ந்தான். பனியனில் பூனைக்குட்டியும் பூவும் போடுகிற வேலை. அவனுக்கு அது பிடித்திருந்தது. அப்பாவைப் போல அதிகம் பேசாதவன் என்பதால் பிடித்திருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் சபை ஒரு நூல் குடோனுக்கு மேல் மாடியில் நடந்தது. வருடத்தின் கடைசி ஞாயிறு அங்கே சாட்சி சொல்லும் நாள். யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் பேசலாம். அப்படி ஒரு ஞாயிறு அந்த அம்மா எழுந்து, வருகிற ஜூனில் என் மகன் பைபிள் காலேஜுக்குப் போகிறான் என்று சொல்லிவிட்டார். சபை ஆமென் என்றது. பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். கீபோர்டுக்குப் பின்னால் நின்றிருந்த பையனுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். ஜெபம் முடியும்வரை தலையைக் குனிந்திருந்தான். முடிந்ததும் சுவிட்சை அணைத்து, கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடி, இறங்கிப் போனான். அந்த வாரமே அவிநாசி சாலைப் பக்கம் நண்பர்களோடு ரூம் எடுத்துக்கொண்டான்.

அதற்கடுத்த வருடம் முழுக்க அவன் வீட்டுக்கு வரவில்லை. சபையில் கைத்தட்டலும் கஞ்சிராவும் மட்டும்தான். கீபோர்டு துணிக்குள் கிடந்தது. அம்மா இரண்டு தடவை அவன் ரூமுக்குப் போய் அவனை மன்னித்துவிட்டு வந்தார். ஜூன் வந்தது, போனது.

மறுபடி டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டு இல்லை.

"அண்ணாச்சி, முறை ஒண்ணு கேக்கணும். ஆபீஸ்ல ஒரு மனு குடுத்திட்டு, பெறவு அது வேண்டாம்னா என்ன செய்யணும்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் குடிவந்ததிலிருந்து இப்படியொரு கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். மனுவை வாபஸ் பெறுவதில் உள்ள படிகளை விளக்கினேன். மனு கொடுத்தவர்தான் வாபஸ் பெற முடியும், வேறு யாரும் முடியாது. எந்த அலுவலகத்தில் கொடுத்தாரோ அங்கேயே செய்ய வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்ததை வாய்மொழியாகவே பெறலாம். அந்த மனுவால் பாதிக்கப்படுகிற ஆள் இருந்தால் அவருக்கு முன்கூட்டித் தகவல் கொடுக்க வேண்டும். என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த ஆபீஸ்னு கேளுங்க முதல்ல" என்றாள்.

கேட்டேன். அந்த அம்மா மேலே பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"என் மவன நேர்ந்துகிட்டேன்லா, அது" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். பிரசவத்தில் பிள்ளை அழவில்லையாம். நீலம் பூத்துக் கிடந்ததாம். நர்ஸ் இவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாளாம். "அப்பதான் சொன்னேன் அண்ணாச்சி. இவன எனக்குத் தாரும், நான் ஒமக்கே தாரேன்னு. சொன்ன பெறவுதான் அழுதான்."

"அம்மிணி, இப்ப எதுக்கு வேண்டாங்கறே?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரெண்டாவது தடவ போய் மன்னிச்சிட்டேம்லேன்னு சொன்னேன் அக்கா. என்ன தப்பு செஞ்சேன்னு மன்னிக்கீங்கன்னு கேட்டான். வீட்டுக்கு வந்து யோசிச்சேன். தேடித் தேடிப் பாக்கேன், ஒண்ணும் அகப்படல. தையல்ல குறை இல்ல அக்கா. கட்டிங்கே தப்பு. அளவு மாத்தி வெட்டினது நான்லா."

என் மனைவி நறுக்குவதை நிறுத்தினாள். அந்த அம்மா கேட்க வந்த கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"மனுவத் திருப்பி வாங்கினா, அவரு குடுத்தத அவரு திருப்பிக் கேப்பாரா அண்ணாச்சி?"

இதற்கு விதி உண்டு. நிபந்தனையின் பேரில் உதவி பெற்றவர் நிபந்தனையை மீறினால், பெற்றதை வட்டியோடு வசூலிக்கலாம். நானே வசூலித்திருக்கிறேன். வீட்டுப் பாத்திரங்களையும் கறவை மாட்டையும் ஜப்தி செய்து வண்டியில் ஏற்றியிருக்கிறேன். அந்த விதியின் எண்ணும் உட்பிரிவும் நாக்கு நுனியில் நின்றன. எதிரே அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு என் வாயையே பார்த்தார். முழங்கையில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது.

"அப்படியெல்லாம் கிடையாதும்மா. ஒருதடவை சாங்ஷன் ஆகிக் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். திரும்பக் கேட்க வழியில்லை" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே தப்பான விதி அதுதான். இவ்வளவு சரளமாக வேறெந்த விதியையும் சொன்னதில்லை.

பாதிக்கப்படுகிற ஆளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன் அல்லவா? அம்மா போனால் மறுபடி மன்னித்துவிடுவார் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது, அவர் உள்பட. எனவே துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் தலையாரி வேலைக்கு இறங்கி, மொபெட்டை எடுத்துக்கொண்டு அவிநாசி சாலைக்குப் போனேன். மாடி ரூம். நாலைந்து பேரின் ஜட்டி பனியன்கள் விதியே இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியில் கிடந்த துணியைத் தள்ளினான். சிறு வயதிலேயே இங்கே வந்ததால் அவன் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு.

"வாங்க சார். எங்கம்மா மறுக்கா மன்னிச்சிட்டாங்களா?"

"இல்லை தம்பி. இது வேற. உங்க அம்மா ஒரு மனுவை வாபஸ் வாங்கப் போறாங்க. ஞாயிற்றுக்கிழமை, சபையில. நீ சம்பந்தப்பட்ட ஆளுங்கறதால உனக்குத் தகவல்."

"என்ன மனுங்க?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நேர்ல வந்தா தெரிஞ்சுக்கலாம்."

"வரலீன்னா?"

"வராட்டி, ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிச்சிருவாங்க."

"எங்க ஊட்ல எப்பவுமே அப்படித்தானுங்களே சார்" என்றான்.

 டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். அவள் கோயிலுக்குப் போவதுபோலத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். கீழே குடோனிலிருந்து நூல் வாசம் மாடிவரை ஏறியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், அறைக்குத் தேவையான அளவைவிடப் பெரிய ஸ்பீக்கர்கள், மூலையில் துணி மூடிய கீபோர்டு. ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். கடன் தீர்ந்தது, கட்டி கரைந்தது, பெண்ணுக்கு வரன் வந்தது. அந்த அம்மா வாசலைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார். பாஸ்டர் முடிக்கப் போகும் நேரத்தில் எழுந்தார். அதே நேரம் செருப்பு விடும் இடத்தில் பையன் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன வருசம் இதே எடத்துல நின்னு, என் மவன ஊழியத்துக்கு அனுப்புதேன்னு சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னீய. அந்த மனுவ இன்னைக்கு வாபஸ் வாங்குதேன்."

சபைக்கு இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"சகோதரி, பொருத்தனைங்கறது..." என்று பாஸ்டர் தொடங்கினார்.

"முடிச்சிருதேன் பாஸ்டர். அவன் பிறக்கையில நான் சொன்னது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. அதுக்கு நான் இருக்கேன். இந்த ஹாலக் கூட்டுதேன், தொடைக்கேன், எதுனாலும் செய்யுதேன். அவன்ட்ட நான் கேக்கல. பிறந்த அன்னைக்குக் கேக்க முடியாது, சரி. வளந்த பெறவும் கேக்கலியே. ஒருவாட்டி கூட கேக்கல." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஏ மக்கா, எங்க இருந்தாலும் சரி. அம்மா செஞ்சது தப்பு. என்ன மன்னிச்சிரு."

அத்தோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"திருப்பி வாங்கினா குடுத்த உசிர அவரு திருப்பிக் கேப்பாரோன்னு எனக்குப் பயம் இருந்துச்சு. கேக்க மாட்டாருன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ. அவிய சர்க்கார்ல பெரிய வேல பாத்தவிய. அவியளுக்கு எல்லா முறையும் தெரியும்."

சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பாஸ்டரும் பார்த்தார். பரலோகத்தின் சார்பில் நான் வெளியிட்ட ஆணைக்கு ஆதாரம் கேட்கிற பார்வை. நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு ஆமென் கேட்டது. மைக் இல்லாமலே ஸ்பீக்கரில் வந்த மாதிரி இருந்தது. அயர்ன் மாஸ்டர். அத்தனை வருடத்தில் அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். அவரைத் தொடர்ந்து அங்கங்கே இரண்டு மூன்று ஆமென் வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது செருப்பு விடும் இடத்தில் பையன் இல்லை.

படியிறங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தானா அண்ணாச்சி?"

"வந்தாம்மா. நின்னான்."

"முழுக்கக் கேட்டானா?"

"கேட்டான்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லலை."

"சரி" என்றார்.  அடுத்து வந்த சில நாட்களும் பின்வீட்டில் சத்தமே இல்லை. மோட்டார் போடச் சொல்லிக்கூட யாரும் வரவில்லை. நான் மூன்று தடவை பின்பக்கம் போய்க் கொடிக்கயிற்றைச் சரிபார்த்தேன். அவிநாசி சாலையில் டைபாய்டு பரவியிருப்பதாக யாரோ சொன்னார்கள். அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அதைக் கேள்விப்பட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தப்பான விதி சொன்னவனுக்கு வரும் தூக்கம் எப்படிப்பட்டது என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. அந்த அம்மா முன்னால் வந்தார். பின்னால் பையன், இரண்டு கையிலும் முந்திரிக்கொத்துத் தட்டு. இளைத்திருந்தான். ஆனால் மொத்தத்தில் முழுசாக இருந்தான். அதைத்தான் நான் முதலில் சரிபார்த்தேன்.

"அண்ணாச்சி" என்றார் அம்மா. எனக்கு என்னென்ன வருத்தம் வரப்போகிறதோ என்று தயாரானேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வருசம் என்னால ஒங்களுக்கு ஏதும் வருத்தம் உண்டா?"

இந்தக் கேள்வியை எத்தனை வருடமாக எதிர்பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நேரம் தவறி மோட்டார் போட்டது, என் வேட்டிக் கொடியில் போர்வை காயப்போட்டது, பண்டிகை நாளில் விடியுமுன் டேப்பில் பாட்டு, கதவு நிலையில் அம்பு. எல்லாம் வரிசையாக மனத்தில் எழுந்து நின்றன. அந்த அம்மா மன்னிப்புக் கேட்பது புதிதாகச் செருப்புப் போட்டவர் நடப்பதுபோல இருந்தது. பையன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

"பொய்யுங்க அம்மிணி" என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மோட்டார நேரங்கெட்ட நேரத்துல போடறேன்னு எங்கிட்ட நித்தம் பொலம்பறாரு."

"மோட்டாரா?" அந்த அம்மாவின் முகம் பழையபடி ஆனது. "மோட்டார் விசயத்துல நான்லா அண்ணாச்சிய மன்னிச்சிருக்கேன்."

பையன் சிரித்துவிட்டான். தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்து உருண்டு போய் விதிகள் ஒட்டியிருந்த சுவரடியில் நின்றது. அம்மா அவனை முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார். கீபோர்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாக அவன் என் மனைவியிடம் சொன்னான். அடுத்த வருடத்தின் முதல் வருத்தம் அந்த அம்மாவுக்கு அப்போதே ஏறியிருக்கும். ஆனால் அன்று வாய் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் படுக்கையறைக்குப் போனேன். சுவரோரமாக ஒரு நாற்காலி எதேச்சையாகக் கிடந்தது. உட்கார்ந்தேன். ஸ்தோத்திரங்கள் முடிந்து, கேள்வி தொடங்கியது.

"இந்த வருசம் கர்த்தர் ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?"

"சுகமா இருந்தேன்" என்றார் அயர்ன் மாஸ்டர்.

"நீ சொல்லு மக்கா."

 எனக்கு வாயில் போட்ட முந்திரிக்கொத்தைக் கடிக்கப் பயமாக இருந்தது. அவ்வளவு சத்தம் வரும் பலகாரம் அது.

"சுகமா இருந்தேன்மா" என்றான்.

வேற ஒண்ணும் இல்லையா என்ற வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.  பிறகு யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

என் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, செவுத்துல காது வெக்கறதுக்கு எதாச்சும் விதி இருக்குதுங்களா?"

"இல்லை" என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன விதி அது ஒன்றுதான். அதுவும் சரியான விதி.